மையக்கருத்தும் பொருள்வகையும்: அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவலை முன்வைத்து ஒரு வாசிப்பு

ஆய்வுச் சுருக்கம்

ஒரு படைப்பின் மையக்கருத்தும் அதன் பொருளும் ஒன்றெனக் கொள்ளும் போக்கு தமிழ் இலக்கியக் கற்பித்தலிலும் ஆய்விலும் பரவலாக உள்ளது. இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காண்பதற்கான கருவிகள் தமிழ்ச் செய்யுளியலிலும் உரைமரபிலும் உள்ளன. தொல்காப்பியச் செய்யுளியல் தனித்தனி உறுப்புகளாகக் கூறும் பயன், பொருள், நோக்கு ஆகியவற்றையும், பரிமேலழகர் உரை, பதிற்றுப்பத்துப் பழைய உரை ஆகியவற்றின் நடைமுறைகளையும் துணையாகக் கொண்டு அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவலை இக்கட்டுரை வாசிக்கிறது. மையக்கருத்து ஒரு பனுவலுக்குள் முடிவது. பொருள்வகை பல பனுவல்களுக்குப் பொதுவாய் நிற்பது. முன்னதிலிருந்து பின்னதற்குச் செல்லும் வழி நோக்கு என்பது இதன் முடிபு.

குறிச்சொற்கள்: மையக்கருத்து, பொருள்வகை, பயன், நோக்கு, உரைமரபு, அசோகமித்திரன், தண்ணீர்

முன்னுரை

பள்ளி வகுப்பு முதல் முதுகலை வரை தமிழ் மாணவர் எதிர்கொள்ளும் வினாக்களுள் ஒன்று, 'மையக்கருத்தை எழுதுக' என்பது. கட்டுரைக்கும் கவிதைக்கும் சிறுகதைக்கும் நாவலுக்கும் இவ்வினா ஒரே வடிவில் கேட்கப்படுகிறது. விடையும் பெரும்பாலும் ஒரே வடிவில் அமைகிறது. ஒரு கட்டுரையின் கருத்தை இரண்டு வரிகளில் சுருக்கும் பயிற்சி, நாவலையும் அவ்வாறே சுருக்கலாம் என்ற நம்பிக்கையாக மாறிவிடுகிறது. இந்நம்பிக்கை ஆய்வேடுகளிலும் தொடர்கிறது. ஓர் எழுத்தாளரின் நாவல்களில் வறுமை, பெண்ணடிமை, நகர வாழ்வின் சிக்கல் என்று தலைப்புகள் வகுக்கப்படுகின்றன. ஒவ்வொரு தலைப்பின்கீழும் கதைச்சுருக்கம் தரப்படுகிறது. இறுதியில் ஆசிரியர் வலியுறுத்தும் கருத்து என ஒரு வாக்கியம் எழுதப்படுகிறது. அவ்வாக்கியம் பெரும்பாலும் பிழையாக இருப்பதில்லை. ஆயினும் அந்நாவலைப் படிக்காத ஒருவரும் அதனை எழுதியிருக்க முடியும் என்பதே அதன் குறை.

இச்சிக்கலுக்கு ஏற்ற எடுத்துக்காட்டாக அமைவது 1970களின் தொடக்கத்தில் 'கணையாழி' இதழில் தொடராக வந்து, பின்னர் நூலான அசோகமித்திரனின் 'தண்ணீர்'. தலைப்பே நாவலின் கருத்தைச் சொல்லிவிடுவது போலத் தோன்றுவதால், அதனைச் சுருக்குவது மிக எளிது. அதனாலேயே அது எளிதில் தவறவிடப்படும் நாவலாகவும் இருக்கிறது.

சொல்லாட்சிக் குழப்பம்

முதலில் கலைச்சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஆங்கிலத் திறனாய்வில் 'தீம்' எனப்படுவதற்கு இன்று கரு, கருப்பொருள், உள்ளடக்கம், பாடுபொருள், மையப்பொருள், மையக்கருத்து ஆகிய பல சொற்கள் வழங்குகின்றன. கருத்தரங்க அறிவிப்புகளில் 'கருப்பொருள்' என்பதே பெருவழக்கு. ஆனால் தொல்காப்பிய அகத்திணையியலில் கருப்பொருள் என்பது தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில், யாழ் முதலாக ஒரு நிலத்திற்கு உரியனவாக அமைந்த பொருள்களைக் குறிக்கிறது. உணர்வும் ஒழுக்கமும் உரிப்பொருளுக்கு உரியவை. பின்புலத்தைக் குறித்த ஒரு சொல்லை உட்பொருளுக்கு வழங்கியதன் விளைவு வெறும் சொல்லளவில் நிற்கவில்லை. ஒரு நாவலில் மிகுதியாக வரும் பொருளையே அதன் 'கரு' எனக் கொள்ளும் வாசிப்பை இச்சொல்லாட்சி ஊக்குவிக்கிறது. தண்ணீர் பற்றி மிகுதியாகப் பேசுவதால் 'தண்ணீர்' நாவலின் கரு தண்ணீர்த் தட்டுப்பாடு என்பது இத்தகைய வாசிப்பே.

மேலும், மூன்று நிலைகள் இங்கு ஒன்றாகக் கலந்துள்ளன. ஒரு படைப்பு எதைப் பற்றிப் பேசுகிறது என்பது முதல் நிலை. அதைப் பற்றி என்ன சொல்கிறது என்பது இரண்டாம் நிலை. அவ்வாறு சொல்வதன் வழியாக மனித வாழ்வின் எந்தப் பகுதியைத் தொட்டு நிற்கிறது என்பது மூன்றாம் நிலை. முதலாவதற்கு நன்னூல் பாயிரவியல் தரும் 'நுதலிய பொருள்' என்ற சொல் பொருந்தும். சிறப்புப்பாயிர இலக்கணத்தில் நுதலிய பொருளும் பயனும் தனித்தனியே எண்ணப்படுவது கருதத்தக்கது. நூல் எதைப் பற்றியது என்பதும் அதனால் விளைவது யாது என்பதும் வேறு வேறு என்ற தெளிவு அங்கே உள்ளது. இரண்டாம் நிலையை மையக்கருத்து என்றும், மூன்றாம் நிலையைப் பொருள்வகை என்றும் இக்கட்டுரை குறிக்கிறது. பொருள்வகை என்னும் சொல்லின் பொருத்தம் பின்னர் விளக்கப்படும்.

உரைமரபு காட்டும் வழி

சுருக்கிக் கூறுதல் தமிழ் உரைமரபுக்குப் புதிதன்று. திருக்குறளுக்கு உரை கண்ட பரிமேலழகர் ஒவ்வோர் அதிகாரத்தின் தொடக்கத்திலும் அதன் பெயர்ப்பொருளையும் வைப்புமுறையையும் விளக்குகிறார். பின்னர், ஒரு குறளுக்கோ சில குறள்களுக்கோ பொதுவாக, அவற்றால் இன்னது கூறப்பட்டது என முடித்துக்காட்டுகிறார். முன்னது நுதலிய பொருள், பின்னது மையக்கருத்து. இரண்டையும் அவர் ஓரிடத்தில் கலப்பதில்லை.

திருவள்ளுவர் வாழ்ந்த இடமென்று மரபு கூறும் மயிலாப்பூரில் அவருக்குக் கோயில் உண்டு. அக்கோயிலைக் கொண்ட நகரின் தண்ணீர் பற்றிய நாவலைப் பேசும்போது, நீரைப் பற்றிய அதிகாரமாகிய வான்சிறப்பினை நினைத்தல் பொருந்தும். உணவாக்கி உணவுமாகும் மழை, மழையின்மையால் வரும் பசி, உழவின் நிறுத்தம், பசும்புல்லும் தோன்றாமை, கடலும் தன் இயல்பில் குன்றுதல், பூசனையும் தானமும் தவமும் நின்றுபோதல் என அவ்வதிகாரம் விரிகிறது. இறுதிக் குறளில் வரும் 'ஒழுக்கு' என்ற சொல்லைப் பரிமேலழகர் நீரின் இடையறாத ஓட்டமாகக் கொள்கிறார். அதனை ஒழுக்கம் எனக் கொண்டு உரைப்பாரும் உளர் என்பதையும் பதிவு செய்கிறார். இவ்விரு உரைகளின்படி அக்குறளின் மையக்கருத்து இரண்டாகிறது. ஒன்று இயற்கையைப் பற்றிய கூற்று. மற்றொன்று மனித நடத்தையைப் பற்றிய கூற்று. ஆயினும் இரண்டு உரைகளும் ஒரே கவலையிலிருந்து எழுகின்றன. தன் ஆளுகைக்கு அப்பாற்பட்ட ஒன்றைச் சார்ந்து நிற்கும் உலகம் எவ்வாறு நிலைபெறும் என்பதே அக்கவலை. மையக்கருத்தில் உரைகள் மாறுபடும்போதும் பொருள்வகை மாறாமல் நிற்கக்கூடும் என்பதற்கு இது தக்க சான்று.

பதிற்றுப்பத்துப் பழைய உரை இன்னும் தெளிவான சான்றைத் தருகிறது. உ.வே. சாமிநாதையர் 1904இல் பதிப்பித்த அந்நூலில் ஒவ்வொரு பாட்டின் இறுதியிலும் துறை, வண்ணம், தூக்கு, பெயர் ஆகிய நான்கும் குறிக்கப்பட்டுள்ளன. பெயர் என்பது பாட்டினுள்ளேயே வரும் ஒரு தொடர். 'புண்ணுமிழ் குருதி', 'பூத்த நெய்தல்', 'நிரைய வெள்ளம்' என்பன அத்தகைய பெயர்கள். அப்பெயர் வந்த காரணத்தைப் பழைய உரைகாரர் அந்தத் தொடரின் சிறப்பிலேயே தேடி விளக்குகிறார். அதன்பின், 'இதனாற் சொல்லியது' எனத் தொடங்கிப் பாட்டின் கருத்தைச் சுருக்குகிறார். அரசனின் வென்றிச் சிறப்பு என்னும் சுருக்கம் பல பாட்டுகளுக்கு மீண்டும் மீண்டும் வருகிறது. சுருக்கம் ஒன்றாக இருக்க, பெயர்கள் மட்டும் ஒவ்வொரு பாட்டுக்கும் வேறாக உள்ளன.

'பூத்த நெய்தல்' என்ற பாட்டில் பகைவர் நாடுகளின் பழைய வளம் முதலில் அடுக்கப்படுகிறது. அந்நாடுகள் பாழ்பட்ட நிலை அடுத்துக் கூறப்படுகிறது. சேரன் காக்கும் நாட்டின் நிலை அதன்பின் வருகிறது. கருத்தைச் சுருக்கினால் அது அரசனின் புகழ். ஆனால் பெயராக நிற்கும் தொடரோ கரும்புப் பாத்தியில் மலர்ந்து நின்ற நெய்தலைக் குறிக்கிறது. இன்று அங்கு இல்லாத வளத்தின் மலர் அது. வெற்றியைப் பாடும் பாட்டு, வெற்றியால் அழிந்ததன் பெயரைத் தாங்கி நிற்கிறது. சொல்லியது யாது என்பதும் பாட்டில் நிலைத்திருப்பது யாது என்பதும் ஒன்றல்ல என்பதைப் பெயரிட்டவரும் உரைகாரரும் தத்தம் வழியில் உணர்ந்திருந்தனர் எனலாம். 1943இல் அடையாற்றில் தொடங்கி, இன்று பெசன்ட் நகரில் இயங்கும் டாக்டர் உ.வே.சா. நூல்நிலையம் காத்துவரும் பதிப்பு மரபின் பயன்களுள் இதுவும் ஒன்று. பாட்டையும் குறிப்பையும் உரையையும் தனித்தனியே அச்சிட்டதனாலேயே, அவற்றிடையே உள்ள இடைவெளி இன்றைய வாசகருக்குப் புலப்படுகிறது.

செய்யுளியலின் மூன்று உறுப்புகள்

உரைகாரர்களின் இந்நடைமுறைக்கு அடிப்படையான சிந்தனை தொல்காப்பியச் செய்யுளியலில் உள்ளது. அவ்வியல் எண்ணும் 34 செய்யுள் உறுப்புகளுள் பயன், பொருள், நோக்கு ஆகிய மூன்றும் இங்குக் கருதத்தக்கவை.

பயன் என்பதற்குத் தொல்காப்பியர் தரும் இலக்கணம், இதனால் இது மிகவும் பயக்கும் எனத் தொகுத்துச் சொல்லும் கூற்று என்பதாகும். இங்குத் தொகுத்தல் என்னும் செயல் இன்றியமையாதது. பயன் என்பது வாக்கிய வடிவம் உடையது. எழுவாயும் பயனிலையும் கொண்டு முடிவது. இன்றைய மையக்கருத்து என்பதற்கு இதனினும் நெருங்கிய பழந்தமிழ்க் கலைச்சொல்லைக் காண்பது அரிது.

பொருள் என்ற உறுப்பின் இலக்கணம் வேறு. இன்பம், துன்பம், கூடல், பிரிவு, ஒழுக்கம் ஆகியவை, இன்ன திணைக்கே உரியது என வரையறுக்கப்படாமல் எல்லாவற்றிற்கும் பொதுவாய் நிற்பதே பொருள்வகை என்கிறார் தொல்காப்பியர். திணைக்கு உரிப்பொருளை வரையறுத்த அதே ஆசிரியர், திணையைக் கடந்து நிற்கும் பொருளுக்குத் தனி உறுப்பு வகுத்திருப்பது கவனிக்கத்தக்கது. இது வாக்கியமாக முடிவதில்லை. ஒரு பனுவலோடு முடிவதும் இல்லை. ஒன்றுக்கு மேற்பட்ட பனுவல்களை ஒருங்கே வைத்துப் பார்க்கும்போதே அதன் பொதுமை புலப்படும்.

நோக்கு என்பது மாத்திரை முதலாக அடி நிறையும் அளவும் உள்ள உறுப்புகளை மீண்டும் நோக்கச் செய்யும் காரணம். பயனைத் தொகுத்தபின் பாட்டை விட்டு நீங்கலாம். நோக்கோ வாசகரைப் பாட்டுக்குத் திருப்பி அழைக்கிறது. பொருள்வகையை ஊகத்தாலன்றிச் சான்றுகளால் நிறுவ வேண்டுமாயின், அதற்கான வழி நோக்கே.

தொல்காப்பியர் நாவலை எண்ணி இலக்கணம் செய்தார் என்பது இதன் கருத்தன்று. செய்யுளுக்கு வகுத்த உறுப்புகளை உரைநடைப் புனைவுக்குப் பயன்படுத்தும்போது மாற்றங்கள் தேவைப்படும். மாத்திரையின் இடத்தில் காட்சியும் உரையாடலும் வரும். எனினும் வேறுபாட்டின் அடிப்படை மாறாது. 1947இல் வெளிவந்த 'தி வெல் ராட் அர்ன்' என்ற நூலில் கிளீன்த் புரூக்ஸ், கவிதையைப் பொழிப்பாகச் சுருக்குவதே பிழை என வாதிட்டார். தமிழ் உரைமரபின் நிலை அதனினும் நிதானமானது. அது சுருக்கத்தை மறுக்கவில்லை. பல உறுப்புகளுள் ஒன்றாக அதற்கு ஓரிடம் தருகிறது. அவ்விடத்தைவிட்டு மற்ற உறுப்புகளின் இடத்தை அது கவர்ந்துகொள்ளாமல் பார்த்துக்கொள்கிறது.

'தண்ணீர்': நுதலிய பொருளும் மையக்கருத்தும்

அசோகமித்திரன் 1931இல் செகந்திராபாத்தில் பிறந்தவர், 1952இல் சென்னைக்கு வந்தவர், 1966 வரை ஜெமினி ஸ்டுடியோவில் பணியாற்றியவர், தியாகராய நகரில் நெடுங்காலம் வாழ்ந்தவர், 2017இல் மறைந்தவர். சென்னைத் தெருக்களின் அன்றாடம் அவர் புனைவுகளில் தகவலாக அன்றி வாழ்வாகவே இடம்பெற்றது.

'தண்ணீர்' நாவலின் நுதலிய பொருள் ஐயத்திற்கு இடமற்றது. சென்னையின் ஒரு தெருவில் கடுமையான தண்ணீர்த் தட்டுப்பாடு. பெண்கள் குடங்களோடு அலைகிறார்கள், அடிகுழாய்கள் வறள்கின்றன, தண்ணீர் லாரிக்காகத் தெரு காத்திருக்கிறது, குழாய்ப் பணிக்காகச் சாலை தோண்டப்படுகிறது, குடிநீரில் சாக்கடை நீர் கலக்கிறது. இத்தெருவில் ஜமுனா வாழ்கிறாள். திரைப்பட வாய்ப்புக்காகப் பாஸ்கர் ராவை நம்பியிருப்பவள். அவள் தங்கை சாயா, இராணுவத்தில் உள்ள கணவனைப் பிரிந்து வாழ்பவள். அக்காளின் வாழ்க்கைமுறையைப் பொறுக்காமல் பிரிந்து விடுதிக்குச் செல்பவள். அருகில் வாழும் டீச்சரம்மா, நோயாளிக் கணவனோடும் மாமியாரோடும் குடும்பச் சுமையைத் தாங்குபவள்.

இந்நாவலின் மையக்கருத்தை எழுதச் சொன்னால் இரண்டு விடைகள் கிடைக்கும். நகரம் தன் எளிய மக்களுக்கு அடிப்படைத் தேவையைக்கூட வழங்கத் தவறுகிறது என்பது ஒன்று. துன்பத்தில் துவளாமல், பிறர் துன்பத்தைக் கண்டு தேறி வாழ வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டுக்கும் நாவலில் சான்று உண்டு. முதலாவது, நாவலின் நிகழ்ச்சிகளைத் தொகுத்ததால் வருவது. இரண்டாவது, டீச்சரம்மா ஜமுனாவிடம் பேசும் பகுதியிலிருந்து வருவது.

இரண்டாம் விடையைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். வாழ்வை முடித்துக்கொள்ளும் எண்ணம் வரை சென்ற ஜமுனாவிடம் டீச்சரம்மா தன் மணவாழ்வைப் பற்றிப் பேசுகிறாள். ஜமுனாவின் மாற்றத்திற்கு அவ்வுரையாடல் ஒரு காரணமாவதும் உண்மை. ஆனால் அது ஒரு பாத்திரத்தின் கூற்று. செய்யுளியல் கூற்று, கேட்போர், களன், காலம் ஆகியவற்றைத் தனித்தனி உறுப்புகளாக வைத்ததன் பயன் இங்கே விளங்கும். யார், யாருக்கு, எங்கே, எப்போது சொல்கிறார் என்பவற்றை நீக்கிவிட்டுச் சொல்லை மட்டும் எடுத்தால், ஆறுதல் மொழி அறவுரையாகிவிடும். அறவுரை நாவலாசிரியரின் செய்தியாகிவிடும். தன் வாழ்வின் வேதனையை வேறு ஒருத்தியைத் தேற்றுவதற்காக எடுத்துச் சொல்லும் பெண், அதனாலேயே தன் வேதனையிலிருந்து விடுபட்டுவிடுவதில்லை. அவள் கூற்றை நாவலின் கருத்தாக்கும் வாசிப்பு, அவளையே காணத் தவறுகிறது.

'தண்ணீர்': பொருள்வகை

நாவலின் நிகழ்ச்சிகளை மீண்டும் நோக்கினால் ஓர் ஒழுங்கு புலப்படுகிறது. தெரு லாரிக்காகக் காத்திருக்கிறது. ஜமுனா பாஸ்கர் ராவின் காருக்காகக் காத்திருக்கிறாள். சாயா கணவனின் வரவுக்காகக் காத்திருக்கிறாள். ஒவ்வொருவருக்கும் இன்றியமையாத ஒன்று வேறொருவர் கையில் உள்ளது. அது எப்போது வரும், எவ்வளவு வரும், எந்நிலையில் வரும் என்பதை முடிவு செய்பவர் அவரல்லர். வரும்போதும் அது தூயதாக வருவதில்லை. நெடுநேரம் காத்திருந்து பெறும் குடிநீரில் சாக்கடை கலந்திருப்பதும், ஜமுனாவுக்கு வாய்ப்பு என்ற பெயரில் வருவது வேறொன்றாக இருப்பதும் ஒரே அமைப்பின் இரு தோற்றங்கள். அசோகமித்திரன் இவ்வொப்புமையை எங்கும் எடுத்துச் சொல்வதில்லை. நிகழ்ச்சிகளை அருகருகே வைப்பதோடு நின்றுவிடுகிறார்.

ஆகவே இந்நாவலின் பொருள்வகையைச் சார்ந்திருத்தல் எனலாம்: வாழ்வதற்குத் தேவையானது பிறர் கையில் இருக்கும்போது, அதற்காகக் காத்திருக்கும் ஒருவர் தன்னை எவ்வாறு காத்துக்கொள்கிறார் என்னும் கேள்வி. இது விடையாக அமைவதில்லை என்பது கருதத்தக்கது. ஜமுனா இறுதியில் தான் கருவுற்றிருப்பதைத் தங்கையிடம் சொல்கிறாள். பாஸ்கர் ராவின் அழைப்புக்கு இணங்காமல் நிற்கிறாள். இம்முடிவை வெற்றி என்றும் சொல்ல இயலாது, தோல்வி என்றும் சொல்ல இயலாது. சார்ந்திருத்தல் நீங்கிவிடவில்லை, இன்னும் ஓர் உயிர் இப்போது அவளைச் சார்ந்திருக்கப் போகிறது. மாறியது அவள் காத்திருக்கும் முறை. மையக்கருத்தை மட்டும் தேடும் வாசிப்புக்கு இம்முடிவு தெளிவற்றதாகத் தோன்றும். தண்ணீர்ச் சிக்கல் தீர்ந்ததா இல்லையா என்ற வினாவோடு அது நின்றுவிடும். பொருள்வகையை நோக்கும் வாசிப்புக்கு அதுவே நாவலின் செறிவான இடம்.

வான்சிறப்பின் இறுதிக் குறளுக்குக் கூறப்பட்ட இரு உரைகளும் இங்கு மீண்டும் நினைவுக்கு வருகின்றன. நீரின் ஒழுக்கு, மனிதரின் ஒழுக்கம் ஆகிய இரண்டும் இந்நாவலில் ஒரே தெருவில் சோதனைக்கு உள்ளாகின்றன. ஜமுனாவின் ஒழுக்கத்தைப் பற்றிச் சுற்றியுள்ளோர் தீர்ப்புச் சொல்கிறார்கள். அத்தெருவில் தண்ணீருக்காக ஒவ்வொருவரும் எவ்வெவற்றை விட்டுக்கொடுக்க வேண்டியுள்ளது என்பதை நாவல் உடன்வைத்துக் காட்டுகிறது. தீர்ப்புச் சொல்வோர் நிற்கும் வரிசையும் ஜமுனா நிற்கும் வரிசையும் வேறல்ல.

பொருள்வகை என்பதற்கு இன்றியமையாத பொதுமை, இதே ஆசிரியரின் 'புலிக்கலைஞன்' சிறுகதையோடு ஒப்பிடுகையில் உறுதிப்படுகிறது. அக்கதையின் நுதலிய பொருள் வேறு. திரைப்பட நிறுவன அலுவலகத்திற்கு வாய்ப்புத் தேடிவரும் காதர் என்ற கலைஞர், அவ்வறையிலேயே புலியாக மாறிக் காண்போரை உறையச் செய்கிறார். வேடம் கலைந்ததும் வாய்ப்புக் கேட்டு நிற்கும் எளிய மனிதராகிறார். பின்னர் அவருக்கு எழுதப்படும் கடிதம் திரும்பி வந்துவிடுகிறது. அதன் மையக்கருத்தாக, வணிகத் திரையுலகம் நாட்டார் கலைஞனைக் கைவிடுகிறது என்பதைக் கூறலாம். தண்ணீர்த் தட்டுப்பாட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆயினும் காதரும் ஜமுனாவும் ஒரே வாயிலில் நிற்பவர்கள். தனக்கு வேண்டியது பிறர் கையில் என்ற நிலையில், காதர் சில நிமிடங்கள் எவரையும் சாராத புலியாகிறார். ஜமுனா நாவல் முழுவதையும் எடுத்துக்கொண்டு மெல்ல நிமிர்கிறாள். மையக்கருத்துகளை ஒப்பிட்டால் இவ்விரு படைப்புகளும் வெவ்வேறு இயல்களில் பிரிந்து நிற்கும். பொருள்வகையை ஒப்பிட்டாலே அவை ஓர் ஆசிரியரின் படைப்புகள் என்பதன் பொருள் விளங்கும்.

வாசிப்பின் எல்லை

பொருள்வகையைத் தேடும் வாசிப்புக்கும் ஓர் ஆபத்து உண்டு. சுருக்கத்திலிருந்து தப்பிய வாசகர், கட்டற்ற விரிவுக்குள் சென்றுவிடலாம். தியாகராய நகரின் வரலாறு இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. அப்பகுதி 1920களில், மாம்பலத்தில் பரந்திருந்த நீண்ட ஏரியைத் தூர்த்து உருவாக்கப்பட்டது. பிட்டி தியாகராயர் பெயரைப் பெற்றது. மேற்கு மாம்பலத்தில் ஏரிக்கரைச் சாலை என்ற பெயர் மட்டும் அந்நீர்ப்பரப்பின் நினைவாக எஞ்சியுள்ளது. ஏரியின் மேல் எழுந்த குடியிருப்புப் பகுதியில் நெடுங்காலம் வாழ்ந்த எழுத்தாளர், தண்ணீரில்லாத் தெருவைப் பற்றி நாவல் எழுதினார் என்பது மனத்தை ஈர்க்கும் செய்தி. இதனைக் கொண்டு, புதைந்த ஏரியே நாவலின் மறைபொருள் என எழுதிவிடலாம். ஆனால் நாவலில் அதற்குச் சான்றில்லை. ஊர் வரலாறு நாவலின் சூழலை விளக்கலாம். நாவலின் பொருளாகத் தானே நிற்க இயலாது.

தண்ணீரை அன்பின் குறியீடாகவோ வாழ்வாசையின் குறியீடாகவோ கொள்ளும் வாசிப்புக்கும் இவ்வெல்லை பொருந்தும். ஒரு சொல்லுக்கு மற்றொரு சொல்லை ஈடுவைப்பது மீண்டும் சுருக்கமே; தண்ணீர்த் தட்டுப்பாடு என்பதற்கு மாற்றாக அன்புத் தட்டுப்பாடு என்ற மையக்கருத்து கிடைக்கும், அவ்வளவே. மேலும், அது குடத்தின் எடையை மறக்கச் செய்கிறது. இந்நாவலில் தண்ணீர் முதலில் தண்ணீர்தான். அது சுமக்கப்படுகிறது, அளக்கப்படுகிறது, சிந்தப்படுகிறது. சென்னையைச் சூழ்ந்த ஏரிகள் வறண்டு நகரம் மீண்டும் லாரிகளுக்காகக் காத்திருந்த 2019ஆம் ஆண்டு கோடையை அறிந்த வாசகருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. நுதலிய பொருளை மதிக்காத வாசிப்பு பொருள்வகையை அடைய இயலாது.

கற்பித்தலும் ஆய்வும்

இவ்வேறுபாட்டை வகுப்பறையிலும் ஆய்விலும் கையாள்வதற்கு மூன்று சோதனைகள் உதவும். முதலாவது, வாக்கியச் சோதனை. கூறப்படுவது எழுவாயும் பயனிலையும் பெற்று முடிந்த கருத்தாக இருந்தால் அது மையக்கருத்து. முடியாத கேள்வியாகவோ நிலையாகவோ நின்றால் பொருள்வகை. இரண்டாவது, பொதுமைச் சோதனை. கூறப்படுவது நுதலிய பொருளால் வேறுபட்ட மற்றொரு படைப்பிலும் நிற்குமாயின் அது பொருள்வகை. மூன்றாவது, நோக்குச் சோதனை. கூறப்படுவது படைப்பின் குறிப்பிட்ட காட்சிகளுக்கு வாசகரைத் திருப்பி அனுப்பி, முன்னர்க் காணாததைக் காணச் செய்கிறதா என்பது. மூன்றாம் சோதனையில் தேறாத கூற்று, முதல் இரண்டில் தேறினாலும் திறனாய்வுக்குப் பயன்படாது. வறுமை, காதல், மரணம் போன்ற தனிச்சொற்களை 'கரு' எனப் பட்டியலிடும் ஆய்வு இங்கேதான் தவறுகிறது. அவை பொதுவானவை என்பது உண்மை. ஆனால் எந்தக் காட்சியையும் அவை திறப்பதில்லை.

இதனால் மையக்கருத்து தேவையற்றது என்பதில்லை. கட்டுரை, மேடைப்பேச்சு, செய்தி விமரிசனம் ஆகிய கருத்துரைப் பனுவல்களில் அதுவே முதன்மையானது. அங்கே அதனைப் பிழையின்றித் தொகுப்பது அடிப்படைத் திறன். புனைவிலும் அதைத் தொகுத்துப் பார்ப்பது, படித்ததைச் சரியாகப் புரிந்துகொண்டோமா எனச் சோதிக்க உதவும். வாசிப்பின் முதற்படியாக அது அமைய வேண்டும், இறுதிப்படியாகிவிடக் கூடாது. ஆய்வேட்டின் முடிவுரையில் எழுதப்படும் வாக்கியத்தை அதன் முன்னுரையில் எழுதிவிட்டு, ஆய்வை அங்கிருந்து தொடங்குவதே நேரிய முறை.

முடிவுரை

மையக்கருத்தும் பொருள்வகையும் அளவால் வேறுபட்ட ஒன்றின் இரு பெயர்கள் அல்ல, தன்மையால் வேறுபட்டவை. முன்னது தொகுத்தலால் பெறப்படுவது. பின்னது நோக்கலால் பெறப்படுவது. தொல்காப்பியச் செய்யுளியல் பயனையும் பொருளையும் தனித்தனி உறுப்புகளாக்கி இவ்வேறுபாட்டிற்கு இடம் தந்துள்ளது. பதிற்றுப்பத்துப் பழைய உரை, பாட்டின் பெயரையும் பாட்டாற் சொல்லியதையும் பிரித்துக் காட்டி அதனை நடைமுறைப்படுத்தியுள்ளது. 'தண்ணீர்' நாவலைத் தண்ணீர்த் தட்டுப்பாடு பற்றிய நாவலாகவோ தன்னம்பிக்கை பற்றிய நாவலாகவோ சுருக்கும்போது விடுபடுவது, பிறர் கையை எதிர்நோக்கி நிற்கும் மனிதர் தம்மை இழக்காதிருக்கும் முயற்சி. லாரி வந்துவிட்ட நாளில் நகரச் செய்தி முடிந்துவிடும். ஜமுனாவின் கதை அங்கே முடிவதில்லை.

பிற நவீனத் தமிழ்ப் புனைவுகளுக்கும், குறிப்பாகத் தலைப்பிலேயே தம் நுதலிய பொருளைத் தாங்கிய படைப்புகளுக்கும், இம்முறையை விரித்துப் பார்க்க இடமுண்டு. அவ்வாறு செய்கையில், பழந்தமிழ்ச் செய்யுளியலின் உறுப்புகள் இலக்கண வரலாற்றுச் சான்றுகளாக மட்டுமன்றி, இன்றைய வாசிப்பின் கருவிகளாகவும் பயன்படும்.